மேட்டுக்காரரின் முதல் கியர்

கல்குவாரியிலிருந்து வெளியே வர ஒரே ஒரு பாதைதான். பள்ளத்தின் அடியில் எடைமேடையைத் தாண்டியதும் அது இடது பக்கம் திரும்பி, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் இடுப்பளவுக் கட்டைச் சுவருமாக மேலே ஏறும். பாதி ஏற்றத்தில் முழங்கையை மடக்கியது போல ஒரு திருப்பம். லாரி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த மடிப்பில் வேகம் செத்துப்போகும். அங்கிருந்து, நின்ற இடத்திலிருந்து கிளம்புவது போலத்தான் கிளம்ப வேண்டும். முழுச் சுமையோடு அந்த மடிப்பைத் தடுமாறாமல் தாண்டுகிறவரைத்தான் அங்கே டிரைவர் என்று சொல்வார்கள். மற்றவர்களிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள்.

அந்த மடிப்பில் வாழ்நாளில் ஒரு தடவை கூட வண்டியைப் பின்னால் உருளவிடாதவர் என்பதால்தான் அவருக்கு மேட்டுக்காரர் என்று பெயர் வந்தது. காலப்போக்கில் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. மனைவி கூட அடுத்த வீட்டில் பேசும்போது "எங்க வீட்டு மேட்டுக்காரர்" என்றுதான் சொல்வாள். அதில் கொஞ்சம் கேலியும் நிறையப் பெருமையும் இருக்கும்.

அவர் வலது காலில் செருப்புப் போட்டு வண்டி ஓட்டமாட்டார். ஏறி உட்கார்ந்ததும் வலது செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். "தோல் நடுவுல இருந்தா வண்டி பேசறது காதுல விழாது" என்பார். காதுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. சுமை ஏற்றும்போது கீழே நின்று பார்க்கவும் மாட்டார். உள்ளேயே உட்கார்ந்து, கற்கள் விழ விழ வண்டி எப்படி அமுங்குகிறது என்று உடம்பால் எடை போட்டுக்கொண்டிருப்பார். எடைமேடை சொல்வதும் அவர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் எடைமேடைக்காரர், "மிஷினைத்தான் பார்க்கச் சொல்லணும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே மேட்டுக்காரர் அங்கே ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் முதலாளி புது லாரியின் சாவியைக் கொடுத்தார், எல்லா டிரைவர்களையும் நிற்க வைத்து. பழைய லாரிகளைப் போல ஒன்றரை மடங்கு குதிரைசக்தி. அந்த எண்ணைக் கதவில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். மேட்டுக்காரர் இத்தனை வருஷம் ஓட்டிய பழைய லாரி, கண்ணாடி என்ற டிரைவருக்குப் போனது. கண்ணாடி மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். மேட்டுக்காரருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நாக்கு மட்டும் எல்லோருக்கும் மூத்தது.

முதல் நாள் முதல் நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மடிப்பில் வேகம் குறைந்தது. முதல் கியருக்கு இறக்கினார். மிதியை அழுத்தினார். பழைய லாரியாக இருந்தால் அந்த இடத்தில் உறுமிக்கொண்டு முன்னால் பாயும். புதியது பாயவில்லை. மிதி தரையைத் தொட்டுவிட்டது; இன்ஜின் மட்டும் ஒரு எல்லைக்கு மேல் வரமாட்டேன் என்று பிடிவாதமாக ஒரே குரலில் முனகியது. ஏறத்தான் செய்தது, ஆனால் வயதானவர் படியேறுவது போல ஏறியது. பின்னால் பழைய லாரியில் வந்த கண்ணாடி ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

மேலே வந்து டீக்கடையில் இறங்கியதும் கண்ணாடி கதவில் இருந்த எண்ணைத் தட்டிக் காட்டினார்.

"இத்தனை குதிரைன்னு எழுதியிருக்கே மாமா, எல்லாம் மேயப் போயிருச்சா?"

"புது வண்டிய்யா. இன்னும் பழகல."

"வண்டி பழகலையா, நீங்க பழகலையா?"

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மேட்டுக்காரரும் சிரித்தார். டீ கசந்தது, அதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பத்து நாள் இதே கதை நடந்தது. நேர் சாலையில் மேல் கியரில் புது லாரி பறந்தது. யாரும் பக்கத்தில் வர முடியவில்லை. ஆனால் நேர் சாலையில் அதைப் பார்க்க ஆள் இல்லை. எல்லாக் கண்களும் இருந்தது மடிப்பில்தான். மடிப்பில் தன் முதுகுக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் காது மடல் வரை சூடேறியது.

குவாரியின் ஒர்க் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர் அவருடைய தங்கை கணவர். அடுத்த தெருவில்தான் வீடு. அதிகம் பேசாத மனிதர். கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். பேசுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார், யாரோடு பேசினாலும். மேட்டுக்காரர் ஒரு நாள் மத்தியானம் அவரிடம் போனார்.

"மாப்பிள்ளை, இந்த வண்டியில ஏதோ கோளாறு இருக்கு. கீழ் கியர்ல இழுக்க மாட்டேங்குது."

"கோளாறு இல்ல மச்சான். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"இழுக்கக் கூடாதுன்னா செஞ்சிருக்காங்க?"

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு, வைஸ் இடுக்கியில் ஒரு பழைய போல்ட்டைப் பிடிக்க வைத்தார். ஸ்பேனரை மாட்டி மேட்டுக்காரரிடம் கொடுத்தார். "முறுக்குங்க." அவர் பலம் கொண்ட மட்டும் முறுக்கினார். போல்ட் அசையாமல் நின்றது. ஃபோர்மேன் நீளமான ஒரு இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனரின் பிடியில் செருகினார். "இப்போ குழாய் நுனியைப் பிடிச்சு முறுக்குங்க." மேட்டுக்காரர் லேசாகத்தான் அழுத்தினார். போல்ட்டின் தலை பட்டென்று அறுந்து காலடியில் விழுந்தது.

"ரெண்டு தடவையும் உங்க கைதான்," என்றார் ஃபோர்மேன். "குழாய் நீளமானதும் போல்ட் தாங்கல. கீழ் கியர்ங்கிறது அந்தக் குழாய். இன்ஜின் கொடுக்கிற முறுக்கைக் கியர் பாக்ஸ் பத்து மடங்கு ஆக்கி பின்னாடி அனுப்புது. பின்னாடி சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஆக்ஸில் தண்டு அதைத் தாங்கணும்ல? அதனால கீழ் கியர் போட்டா, உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் இன்ஜினோட கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குது. மேல் கியர்ல குழாய் கிடையாது. அங்க முழுசா விட்டுடுது."

"அப்போ பழைய வண்டி?"

"அதுல இன்ஜினே சின்னது. முழுசா முறுக்கினாலும் ஆக்ஸில் தாங்கும். இதுல இன்ஜின் பெரிசு. பின்னாடி இருக்கிற எலும்பு அந்த அளவுக்குப் பெரிசில்ல."

"நான் என்ன வண்டியை உதைச்சு ஓட்டறவனா மாப்பிள்ளை? என் காலுக்குத் தெரியாதா எவ்வளவு கொடுக்கணும்னு?"

"உங்க காலுக்குத் தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்கு உங்க கால் எது, கண்ணாடி கால் எதுன்னு தெரியாதுல்ல. எல்லாக் காலும் அதுக்கு ஒண்ணுதான்." ஃபோர்மேன் அறுந்த போல்ட்டைக் குனிந்து எடுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டார். "சுமையையும் கொஞ்சம் குறைச்சு ஏத்தச் சொல்லுங்க. சொன்ன எடையை ஏத்தினா இதே வண்டி இதே மடிப்புல தாராளமா ஏறும்."

சுமையைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்பது நடக்காத காரியம். அது இருவருக்கும் தெரியும். ஆனால் மேட்டுக்காரர் மனதில் தைத்தது அது அல்ல. எல்லாக் காலும் ஒன்றுதான் என்ற சொல்தான் தைத்தது.

நெடுஞ்சாலையோரம் உதிரிபாகக் கடைகளின் வரிசையில் கடைசியாக ஒரு கடை. அங்கே இருந்தவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். சின்ன கம்ப்யூட்டர் ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வண்டிகளின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி உள்ளே இருப்பதை மாற்றிக் கொடுப்பவர். மேட்டுக்காரர் கேட்டதும் அவரே தயங்கினார்.

"மேல் கியர்ல வேணும்னா கொஞ்சம் கூட்டித் தரேன் அண்ணே. கீழ் கியர்ல கை வைக்க வேணாமே."

"எனக்குக் கீழ் கியர்தான் வேணும்."

"ஏதாவது ஆச்சுன்னா..."

"ஓட்டறது யாருன்னு தெரியும்ல?"

பெட்டிக்காரருக்கும் தெரியும். மேட்டுக்காரரைத் தெரியாத ஆள் அந்தச் சாலையில் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் காலை மடிப்பில் முதல் கியர் போட்டு மிதியை அழுத்தியபோது, புது லாரி அவரை இருக்கையோடு சேர்த்துப் பின்னால் தள்ளிவிட்டு மேலே பாய்ந்தது. அவ்வளவு சுமையோடு அந்த ஏற்றத்தில் ஒரு வண்டி அப்படிப் பாய்ந்து யாரும் பார்த்ததில்லை. பின்னால் வந்த கண்ணாடி, முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாராம். டீக்கடையில் அன்று மேட்டுக்காரர் ஒரு டீ குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டார்.

சாயங்காலம் ஃபோர்மேன் காதுக்கும் செய்தி போய்விட்டது.

"வண்டி நல்லா இழுக்குதாமே மச்சான்?"

"ஆமா மாப்பிள்ளை. என் காலுக்குப் பழகிடுச்சு."

வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். ஃபோர்மேன் அதை நம்பினார். நம்பியது மட்டுமல்ல, சந்தோஷப்பட்டார். ஒர்க் ஷாப்பில் எல்லோரிடமும், "எங்க மச்சான் காலுக்குக் கம்ப்யூட்டரே அடங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேசாத மனிதர் பேசிய பேச்சு என்பதால் அது வேகமாகப் பரவியது.

மூன்றாவது வாரத்தில் புது லாரியின் பின் சக்கரம் ஒன்றில் எண்ணெய் கசிந்தது. சின்ன வேலைதான். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்ஸில் தண்டை வெளியே உருவி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, தண்டைத் திரும்பச் செருகி போல்ட்டுகளை முறுக்க வேண்டும். ஃபோர்மேன் வேறு யாரையும் தொடவிடாமல் தானே செய்தார். மச்சான் ஓட்டுகிற வண்டி.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, மேட்டுக்காரருக்கு முன்னால் போன லாரி மடிப்புக்கு மேலே திணறி நின்றுவிட்டது. அதனால் அவர் மடிப்பிலேயே நிற்க வேண்டியதாயிற்று. பின் சக்கரம் ஒன்று சேற்றுப் பள்ளத்தில் இறங்கி ஒரு கல்லில் முட்டிக்கொண்டது. முன் வண்டி நகர்ந்ததும் கிளம்பப் பார்த்தார்; சக்கரம் கல்லைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. கால் விரல்களுக்குக் கீழே மிதி அதிர்வது தெரிந்தது. வண்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. செருப்பு நடுவில் இல்லை. ஆனாலும் அவருக்கு ஹாரன்தான் கேட்டது. மிதியைத் தரை வரைக்கும் அழுத்தினார்.

அடியில் எங்கோ பெரிய எலும்பு ஒன்று முறிந்தது போல ஒரு சத்தம். இன்ஜின் சுமை விட்டுப்போனது போலக் கத்தியது. வண்டி பின்னால் உருண்டது.

பிரேக் பிடித்தது, ஆனால் ஈரத்தில் சக்கரங்கள் வழுக்கின. பின்னால் வந்த கண்ணாடி சட்டென்று தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்ததால் மோதல் இல்லை. புது லாரியின் பின்பக்கம் கட்டைச் சுவரில் இடித்து நின்றது. மேலே இருந்த கற்களில் பாதி பாதையில் கொட்டியது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஒரே பாதை அடைபட்டுவிட்டது. பள்ளத்துக்குள் இருந்த எல்லா லாரிகளும் சாயங்காலம் வரைக்கும் உள்ளேயே கிடந்தன.

முதலாளி வந்தார். மழையில் நனைந்துகொண்டே அத்தனை டிரைவர்களும் சுற்றி நின்றார்கள். ஃபோர்மேன் சேற்றில் மண்டியிட்டு ஆக்ஸிலை வெளியே எடுத்தார். இரண்டு துண்டு.

"போன வாரம் இதே சக்கரத்தைத்தானே கழட்டின?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்லங்க. நான்தான்."

"கழட்டி மாட்டத் தெரியாத ஆளை ஃபோர்மேன்னு உட்கார வச்சிருக்கேன். என்னைச் சொல்லணும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், அதனால் மழைச் சத்தத்தைத் தாண்டி எல்லோரும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். "இனிமே புது வண்டி எதையும் நீ தொடக் கூடாது. டயர் பக்கம் போயிரு. பஞ்சர் ஒட்டு. அதையாவது ஒழுங்கா ஒட்டு."

ஃபோர்மேன் கையில் இருந்த துண்டின் முறிந்த முனையைத் துணியால் துடைத்தார். அதைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு தலையை நிமிர்த்தி மேட்டுக்காரரைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

மேட்டுக்காரர் அந்த நேரத்தில் செய்தது இதுதான்: வலது காலில் செருப்பு இல்லை என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தவர் போல, திரும்பி, வண்டிக்குள் ஏறி, இருக்கைக்கு அடியில் தேடினார். செருப்பு கைக்கு உடனே கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார். இறங்கியபோது எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீயும் அங்கதானே இருந்த?"

"இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவர் வேலை எப்படின்னு உனக்குத் தெரியாதா? அத்தனை பேர் முன்னாடி பஞ்சர் ஒட்டச் சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்தவர் கையைக் கூடக் கழுவாம உட்கார்ந்திருக்காரு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு."

"முதலாளி கோவத்துல சொல்லியிருப்பாரு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"சரியாயிடும்னா நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு. உன் மேல அவருக்கு மரியாதை." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவரு தப்பே பண்ணியிருந்தாலும் நீ விட்டுக்கொடுக்கலாமா?"

மேட்டுக்காரர் தட்டில் இருந்த சோற்று உருண்டையைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனைவி, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள். தட்டு அப்படியே இருந்ததை அவள் கவனித்துவிட்டுத்தான் கேட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது நினைத்தார். குவாரி வாசலில் நினைத்தார். ஒவ்வொரு தடவையும், சொன்ன பிறகு டீக்கடையில் நிலவப்போகும் அமைதி கண்முன் வந்தது. ஒர்க் ஷாப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார். டயர்க் கொட்டகையில் குத்துக்காலிட்டு ரப்பர் சுரண்டிக்கொண்டிருந்த முதுகைத் தூரத்திலிருந்து பார்த்தால், பார்க்காதது போலக் கடந்தார். மாப்பிள்ளைக்கு உண்மை தெரியாமல் இருக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு ஆறுதல் வேறு சொல்லிக்கொண்டார்.

அந்த ஆறுதல் நான்கு நாள் தாங்கியது.

வேறு ஆக்ஸில் போட்டு வண்டி திரும்பி வந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர்தான் மாட்டினார். மேட்டுக்காரர் சுமையோடு கிளம்பினார். மடிப்பில் முதல் கியர். மிதியை அழுத்தினார். வண்டி பாயவில்லை. இன்ஜின் ஒரு எல்லைக்கு மேல் வரமாட்டேன் என்று அதே பிடிவாதத்தோடு, அதே ஒற்றைக் குரலில் முனகியது. கால் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. பெட்டிக்காரர் எடுத்த கட்டுப்பாட்டை யாரோ திரும்ப வைத்திருக்கிறார்கள்.

மேலே போய்ச் சுமையை இறக்கியதும் நேராகப் பெட்டிக்காரரிடம் போனார்.

"உங்க மாப்பிள்ளைதான் அண்ணே வந்தாரு," என்றார் பெட்டிக்காரர். "வண்டி உடைஞ்ச மறுநாளே. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து, பழையபடி வச்சுடுங்கன்னாரு. நானும் வந்து வச்சேன். யார்கிட்டயும் பேச வேணாம்னு வேற சொன்னாரு. உங்ககிட்ட சொல்லாமலா இருப்பாரு?"

டயர்க் கொட்டகைக்கு அவர் போனபோது ஃபோர்மேன் தண்ணீர்த் தொட்டியில் ஒரு டியூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி எப்படி இழுக்குது மச்சான்?"

"மெதுவா இழுக்குது."

"அப்படித்தான் இழுக்கணும்."

அவ்வளவுதான். ஃபோர்மேன் மறுபடி தொட்டிக்குக் குனிந்தார். மேட்டுக்காரர் தொட்டியில் எழும் குமிழிகளைப் பார்த்தபடி நின்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

அன்றே அவர் முதலாளி அறைக்குப் போனார். முதலாளி போனை ஒரு காதில் வைத்தபடி உட்காரச் சொன்னார். மேட்டுக்காரர் உட்காராமல் சொன்னார்: தான்தான் பெட்டிக்காரரிடம் போனது, கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னது, ஆக்ஸில் உடைந்தது அதனால்தான், மாப்பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. முதலாளி கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லா சொன்ன. தங்கச்சி வந்து அழுதாளா?"

"அதுக்காக இல்லங்க. நெசமாவே..."

"முப்பது வருஷமா உன்னைப் பார்க்கறேன். நீ வண்டியை அப்படி ஓட்டற ஆளா? எங்கிட்டயே கதை விடற." முதலாளி போனில் கையைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் இளகிய குரலில் சொன்னார்: "பெரிய மனசுய்யா உனக்கு. உனக்காக வேணும்னா ரெண்டு மாசம் கழிச்சு அவனை ஒர்க் ஷாப்புல உதவிக்கு விடறேன். ஃபோர்மேனா இல்ல. போ."

இதை மேட்டுக்காரர் எதிர்பார்க்கவில்லை. தன் பெயர் இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தானே உடைக்கப் பார்த்தும் உடையவில்லை. மறுநாள் டீக்கடையில் கண்ணாடி எழுந்து இடம் கொடுத்தார். "தங்கச்சி புருஷனுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கப் பார்த்தீங்களாமே மாமா. எவன் செய்வான்?" கேலி இல்லாத குரல். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. சாயங்காலம் தங்கை வந்து வாசலிலேயே நின்று, "அவருக்காகப் போய்ப் பேசினியாமே அண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழையில் அத்தனை பேர் முன்னால் நின்றபோது கூட அவருக்கு இவ்வளவு கூசவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, குளிக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போனார். குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அவர் சட்டையோடு நின்றார்.

அடுத்த நாள் காலை அவர் முதலில் போனது ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் குவியலுக்கு. உடைந்த ஆக்ஸிலின் இரண்டு துண்டுகளும் மேலாகவே கிடந்தன. இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு எடைமேடைக்கு வந்தார். லாரிகள் வரிசையில் நின்றன. டிரைவர்கள் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி எடைமேடைக்காரரோடு இருந்தார். மேட்டுக்காரர் துண்டுகளை முதலாளியின் காலடியில் இறக்கினார்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க. இதைப் பாருங்க."

"என்னய்யா இது, காலையிலேயே?"

"போல்ட் சரியா முறுக்காம விட்டிருந்தா, வண்டி ஓட ஓட போல்ட் போற இந்த ஓட்டையெல்லாம் தேஞ்சு நீண்டிருக்கும். தொட்டுப் பாருங்க. எல்லாம் வட்டமாவே இருக்கு. இப்போ இந்த முனையைப் பாருங்க. தண்டுல வெட்டியிருக்கிற இந்தப் பல் வரிசை நேரா இருக்கணும். பிழிஞ்ச துணி மாதிரி சாஞ்சிருக்கு. இது கழண்டு உடைஞ்சதில்ல. முறுக்கி உடைச்சது. முறுக்கினது நான்."

எடைமேடைக்காரர் குனிந்து ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். மேட்டுக்காரர் கண்ணாடி பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு மடிப்புல வண்டி பாஞ்சப்போ கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தீங்களே. அது என் கால் இல்ல. காசு வாங்கிட்டு பெட்டிக்காரர் செஞ்சு கொடுத்தது. போன் போட்டுக் கேளுங்க."

கண்ணாடி மெதுவாக, "அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மாமாவாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் மேட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் பயந்துகொண்டிருந்த அமைதி இதுதான்.

முதலாளி அங்கேயே பெட்டிக்காரருக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு போனைப் பையில் வைத்தார். "வண்டிக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதமும் போச்சு" என்றார். கையை நீட்டினார். மேட்டுக்காரர் சாவியை அதில் வைத்தார். முதலாளி அதை அப்படியே கண்ணாடியிடம் கொடுத்துவிட்டு, மேட்டுக்காரரிடம், "நீ உன் பழைய வண்டியை எடுத்துக்கோ" என்றார். "அவனை டயர்க் கொட்டகையிலிருந்து கூப்பிடுங்கய்யா."

ஃபோர்மேன் அன்று மத்தியானமே ஒர்க் ஷாப்புக்குத் திரும்பினார். மேட்டுக்காரர் போய்ப் பார்த்தபோது முகத்தில் சந்தோஷம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"உங்களை யாரு மச்சான் சொல்லச் சொன்னது? நான் வாங்கின பேச்சு நாலு நாள்ல ஆறிப்போயிருக்கும். என் வேலை எப்படின்னு எப்பவாச்சும் தெரிஞ்சிருக்கும். இப்போ உங்க பேரும் போச்சு. நான் வாய மூடிக்கிட்டு இருந்ததும் வீணாப்போச்சு."

"உங்களைப் பார்த்துட்டு நான் செருப்பைத் தேடப் போனேனே மாப்பிள்ளை."

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். "பார்த்தேன்," என்றார். "பழைய வண்டிக்கு கிளட்ச் கொஞ்சம் வழுக்குதாம். சாயங்காலம் கொண்டாங்க, பார்க்கறேன்."

தங்கை ஒரு மாதத்துக்கு அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தாள். அண்ணியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனாள்.

டீக்கடையில் மேட்டுக்காரர் என்று கூப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை. வாய்ப்பழக்கம் போகாது. ஆனால் கூப்பிட்ட பிறகு ஒரு கணம் நின்று, மீதியைப் பேசினார்கள். அந்த ஒரு கணம் ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கேட்டது.

பழைய லாரியில் அவர் மடிப்புக்கு வந்த முதல் நாள், முன்னால் புது லாரியில் கண்ணாடி போய்க்கொண்டிருந்தார். அதே சுமை. அதே முதல் கியர். புது லாரி வயதானவர் படியேறுவது போல ஏறியது. பின்னால் வரிசையாக லாரிகள் ஹாரன் அடித்தன. மேட்டுக்காரரின் கையும் பழக்கத்தில் ஸ்டியரிங் நடுவுக்குப் போனது. ஹாரனைத் தொட்டது. அழுத்தாமல் எடுத்துக்கொண்டார். வலது காலில் செருப்பு இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.